எம்பிராவின் கரகரப்பு: ஹராரேயில் ஒரு பழுதுபார்ப்பு

கலிம்பா என்ற கருவியை இன்று ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சின்ன மரப்பெட்டி, மேலே வரிசையாக உலோக நாக்குகள், கட்டைவிரலால் அமுக்கி விட்டால் தெளிவான ஒலி. 1950களில் ஹியூ டிரேசி தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய தொழிலிலிருந்துதான் அது உலகம் முழுக்கப் போனது. ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் வாசிக்கும் எம்பிரா அதற்கு வெகு காலம் மூத்தது, கனமானது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் முதலில் காதில் படும் வித்தியாசம் ஒன்றுதான்: எம்பிரா கரகரக்கும். ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு உலோக நடுக்கம் சேர்ந்தே வரும். அந்தக் கரகரப்பைத் திரும்பக் கொண்டுவரச் செய்த வேலையின் பதிவு இது.

நான் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் ஒரு டூல் ரூமில் ஃபிட்டர். கருவி எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியையின் தாத்தாவுடையது. அவர் மொண்டோரோ பக்கத்துக் கிராமத்தில் பிரா சடங்குகளில் வாசித்தவர். பிரா என்றால் குடும்பத்தின் மூதாதையரை அழைக்க இரவு முழுக்க நடக்கும் சடங்கு. எம்பிராவும் ஹோஷோ என்ற சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையும் இல்லாமல் அது நடக்காது. ஆசிரியையின் அப்பா காலத்தில் குடும்பம் சர்ச்சுக்குப் போனது. பல மிஷன் சபைகள் எம்பிராவைப் பேய்க்கருவி என்று ஒதுக்கிய காலம் அது. கருவியை எரிக்கவும் மனசு வரவில்லை, வீட்டில் வைக்கவும் தைரியமில்லை. மக்காச்சோளச் சாக்கில் சுற்றிச் சமையல் குடிசையின் கூரையில் செருகிவிட்டார்கள். அடுப்புப் புகைதான் அதைக் கறையானிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. இப்போது ஆசிரியையின் மகள் பள்ளியில் எம்பிரா கற்கிறாள். கொள்ளுத்தாத்தாவின் கருவியைத்தான் வாசிப்பேன் என்கிறாள். அதனால்தான் சாக்கு கீழே இறங்கியது.

இது எனக்குத் தனியாகச் செய்யக்கூடிய வேலையாகப் படவில்லை. இரும்பு எனக்குத் தெரியும், எம்பிரா தெரியாது. நகரத்தின் தெற்கில் எம்பிரா செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவரை எல்லோரும் செக்குரு, அதாவது தாத்தா, என்றே அழைப்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை முசுகுரு, அதாவது பேரன், என்றார். சாக்கைப் பிரிப்பதற்கு முன்பே ஆசிரியையிடம் கேட்டார்: "வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?" சொல்லியிருந்தார்கள். மொண்டோரோவில் இருக்கும் அத்தை தரையில் மூக்குப்பொடி வைத்து, கை தட்டி, முன்னோர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் செக்குரு கருவியைக் கையில் எடுத்தார். பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு பிடிபடும். பொருள் யாருடையது, யார் சொல்லி வந்தது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

பலகை முபுவமரோபா மரம். வெட்டினால் ரத்தம் போலச் சிவப்பாகப் பால் வடியும் மரம், மரக்கடைகளில் முக்வா என்பார்கள். கரி படிந்து கறுத்திருந்தாலும் உள்ளே கல் மாதிரி உறுதியாக இருந்தது. வலது கீழ் மூலையில் ஒரு துளை உண்டு, வாசிப்பவரின் வலது சுண்டுவிரல் அதற்குள் நுழைந்து கருவியைத் தாங்கும். அந்தத் துளையிலிருந்து ஓரம் வரை ஒரு விரிசல். மொத்தம் 24 நாக்குகளுக்கு இடம். வலது பக்கம் இரண்டைக் காணவில்லை, இடது கீழ் வரிசையில் மந்தர நாக்கு ஒன்று முனை முறிந்திருந்தது. மற்றவை எல்லாம் துரு. நாக்குகளை அமுக்கிப் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் கட்டு தளர்ந்து போயிருந்தது. பலகையின் கீழ்ப்பகுதியில் மச்சச்சாரா இருந்த இடத்தில் வெறும் ஆணித்துளைகள். மச்சச்சாராதான் கரகரப்பைத் தரும் தகடும் மூடிகளும். அதை யாரோ பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். கருவியை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்கு அதன் குரல் மட்டும் பயமாக இருந்திருக்க வேண்டும் என்று செக்குரு சொன்னார். அவர் ஊகம்தான், ஆனால் என் மனதில் நின்றுவிட்டது.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது பதிவு. நேர் மேலிருந்து ஒரு போட்டோ. ஒவ்வொரு நாக்கின் மீதும் மாஸ்கிங் டேப்பில் எண். அப்புறம் வெர்னியர் அளவுகோல் வைத்து, நாக்குகள் அமரும் அடிப்பாலத்தின் விளிம்பிலிருந்து நாக்கின் நுனி வரை அதிரும் நீளத்தை அளந்து நோட்டில் எழுதினேன். ஒலிக்கும் நாக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி போனில் பதிவு செய்தோம். கட்டு தளர்ந்த நிலையில் அந்த ஒலி மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் தாத்தா கடைசியாகச் சுருதி கூட்டி விட்டுப்போன இடம் அந்த நீளங்களில்தான் இருக்கிறது. துருப்படிவே நாக்குகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. சுத்தம் செய்துவிட்டு அளக்கலாம் என்று நினைத்தால் அது போய்விடும்.

இந்தச் சுருதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்பிராவுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே சுருதி கிடையாது. ஸ்தாயிக்கு ஏழு சுரம், ஏறக்குறைய மூன்று ஸ்தாயி, அவ்வளவுதான் பொது. ந்யமரோபா என்ற சுருதி அமைப்பைக் கலைஞர்கள் பலர் மூத்ததாக மதிக்கிறார்கள். கண்டங்கா என்று வேறொன்று உண்டு, அதன் குணமே வேறு. ஒரே ந்யமரோபாவை இரண்டு கைவினைஞர்கள் கூட்டினால்கூட இடைவெளிகள் இழையளவு மாறும். ஒரு குடும்பத்தின் காது அதில் இருக்கும். போனில் உள்ள டியூனர் செயலி பியானோவின் கட்டங்களுக்குள்தான் சுரத்தைத் தேடும், நடுவில் விழும் சுரத்தைத் தப்பு என்று காட்டும். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு முனை இறுக்கப்பட்ட உலோக நாக்கின் அடுத்த மேல்சுரம், தந்தியில் வருவது போல இரண்டு மடங்கில் வராது. அடிச்சுரத்தின் ஆறு மடங்குக்குச் சற்று மேலே போய் நிற்கும். மந்தர நாக்கைத் தட்டினால் செயலி பல நேரம் அந்த மேல்சுரத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பெயர் சொல்கிறது. செக்குரு போனைப் பார்க்கவே இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

குறுக்குக் கம்பியைப் பலகையோடு பிணைத்திருந்த கட்டுக்கம்பியை வெட்டியதும் நாக்குகள் விடுபட்டன. சிலவற்றை மண்ணெண்ணெயில் ஊற வைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. துருவைப் பித்தளைப் பிரஷ்ஷாலும் மெல்லிய உப்புத்தாளாலும் மட்டும் எடுத்தோம். சாணை பக்கமே போகவில்லை. காரணம் எளிது. நாக்கின் சுருதி அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. நுனியில் இரும்பு குறைந்தால் எடை குறைந்து சுருதி ஏறும். பாலத்துக்கு அருகே குறைந்தால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். சாணையில் ஒரு நொடி அழுத்தினால் தாத்தாவின் ஒரு சுரம் போய்விடும்.

புதிய நாக்குகள் மூன்று செய்ய வேண்டும். முற்காலத்தில் ஷோனா கொல்லர்கள் தாதுவை உருக்கி எடுத்த இரும்பிலேயே இவற்றை அடித்தார்கள். 1580களில் சோஃபாலா கரையில் இருந்த ஜோவாவ் டோஸ் சான்டோஸ் என்ற போர்ச்சுகீசியத் துறவி, ஒன்பது இரும்பு நாக்குகள் கொண்ட அம்பிரா என்ற கருவியைப் பற்றியும் அதன் இனிய ஒலியைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். இன்று பட்டறையில் கிடைப்பது பழைய சோபா ஸ்பிரிங், கட்டில் ஸ்பிரிங். வெறும் மைல்டு ஸ்டீல் கம்பியில் அடித்தால் கொஞ்ச நாளில் வளைந்து கொடுக்கும், ஒலியும் சீக்கிரம் செத்துவிடும். ஸ்பிரிங் கம்பிதான் நிற்கும்.

ஸ்பிரிங்கைக் கரி உலையில் செம்பழுப்பாகக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆற விட்டால் இளகி நேராகும். பிறகு நீளத்துக்கு வெட்டி, அடைகல்லின் மேல் சுத்தியால் அடித்தோம். பாலத்துக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவே இருக்கும் பகுதியைக் கம்பியாகவே விட்டுவிட வேண்டும், வாசிக்கும் நுனியை மட்டும் தட்டையாக, அகலமாக விரிக்க வேண்டும். ஆறிய நிலையில் தொடர்ந்து அடிக்க அடிக்க இரும்பு தானாகக் கெட்டிப்படும். காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தனியாகத் துவைச்சல் போட வேண்டியதில்லை என்றார் செக்குரு. கடைசி அடிகளில் சுத்தியின் ஒலியே மாறியது, கையில் அதிர்வு திரும்ப வந்தது. "போதும், இனி அடித்தால் வெடிக்கும்" என்று நிறுத்தினார்.

நுனியை ராவுவதில் நான் இங்கேதான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எம்பிராவில் இடது கட்டைவிரல் இடது பக்க நாக்குகள் எல்லாவற்றையும் கீழ்நோக்கி அமுக்கும். வலது கட்டைவிரல் வலது வரிசையின் முதல் மூன்றை அமுக்கும். மற்ற வலது நாக்குகளை ஆள்காட்டி விரல் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுண்டும். ஆகவே வலது ஓர நாக்குகளின் அடிப்புறமும் மேற்புறம் அளவுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். பிரா என்றால் விடிய விடிய வாசிப்பு. அடியில் ஒரு பிசிறு இருந்தால் நள்ளிரவுக்குள் நகத்தோரம் கிழிந்துவிடும். பழைய வலது நாக்குகளைத் திருப்பிப் பார்த்தேன். துருவுக்கு அடியில், விரல் பட்ட இடம் மட்டும் லேசாகக் குழிந்து மினுமினுத்தது. தாத்தாவின் விரல் தேய்த்த குழி. புதிய நாக்கு இரண்டையும் உப்புத்தாளை விரலில் சுற்றி அதே வளைவுக்குத் தேய்த்தேன். அளவுக் கருவி எதுவும் அதற்கு உதவவில்லை. சிறுமி தன் விரலை வைத்து "இது சரி, இது இன்னும் குத்துகிறது" என்று சொல்லச் சொல்லத்தான் முடிந்தது.

பலகை விரிசலுக்கு மரப்பசை, அதே மரத்தின் தூள், கிளாம்ப். இதில் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஏன் அடைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே கேட்டேன்: கரகரப்புதானே வேண்டும், விரிசலும் கரகரக்கிறதே? செக்குரு பலகையைக் காதருகே பிடித்து விரலால் தட்டிக் காட்டினார். விரிசலின் ஓசை சில சுரங்களுக்கு மட்டும் வரும், சுரத்தை விழுங்கிவிடும். பாலத்தின் மேல் சரியாக உட்காராத நாக்கும் அப்படித்தான், டக்கென்று அடைத்துப்போகும். மச்சச்சாரா எல்லாச் சுரத்துக்கும் பொதுவாக, சுரம் நீடிக்கும் வரை கூடவே வரும். முதலில் வேண்டாத ஓசைகளை எல்லாம் ஒழித்துவிட்டு, வேண்டியதைக் கடைசியில் சேர்ப்பதுதான் ஒழுங்கு.

மறுபடி கட்டும்போது கால்வனைஸ்டு கட்டுக்கம்பியைப் பலகைத் துளைகள் வழியே நுழைத்து, குறுக்குக் கம்பியைச் சுற்றி, பின்பக்கம் பிளையரால் முறுக்கினோம். ஒரே இடத்தில் முழுக்க முறுக்காமல் நடு, இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. கட்டைவிரல் பலத்தில் நாக்கு நகரக் கூடாது, சின்னச் சுத்தியால் தட்டினால் நகர வேண்டும். அந்த இறுக்கம் வந்தால் சுருதி கூட்டலாம்.

நாக்கின் பின்முனையில் தட்டினால் அது வாசிப்பவர் பக்கம் நீண்டு சுருதி இறங்கும். நுனியில் தட்டினால் உள்ளே போய்ச் சுருதி ஏறும். கணக்குக்காகச் சொல்கிறேன்: அதிரும் நீளம் 60 மில்லிமீட்டர் உள்ள நாக்கை அரைச்சுரம் மாற்ற 1.7 மில்லிமீட்டர் போலத்தான் நகர்த்த வேண்டும். காது கேட்கும் நுட்பத்துக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு. நோட்டில் எழுதிய நீளங்களுக்குப் பழைய நாக்குகளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கிருந்து செக்குரு காதால் எடுத்துக்கொண்டார். காணாமல் போன நாக்குகளின் சுரம் எங்கிருந்து கிடைத்தது என்றால், ஒவ்வொரு சுரமும் கருவியில் வேறு ஸ்தாயியிலும் இருக்கிறது. பிழைத்திருந்த ஸ்தாயித் துணையைத் தட்டி, புதியதை அதனோடு கூட்டினார். ஒவ்வொரு ஜோடியாக முடித்துவிட்டு, முழு மெட்டு ஒன்றை வாசித்துப் பார்த்து, திரும்பவும் ஒன்றிரண்டைத் தொட்டார். இரண்டு இடங்களில் அவர் காது கேட்ட சுரமும் என் நோட்டு சொன்ன நீளமும் ஒத்துப்போகவில்லை. "இது என் ந்யமரோபா இல்லை, அவருடையது" என்று சொல்லி நோட்டின் அளவிலேயே விட்டுவிட்டார். இந்த வேலை முழுவதிலும் நான் பெரிதாக மதிப்பது அந்த முடிவைத்தான்.

பட்டறையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஜிம்பாப்வே பாடகர் தாமஸ் மாப்ஃபூமோவின் கிதார் இசை அடிக்கடி வரும். 1970களில், வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர்க்காலத்தில், அவர் குழுவினர் எம்பிராவின் மெட்டுகளைக் கிதாருக்குக் கொண்டுவந்தார்கள். தந்தியை உள்ளங்கையால் அமுக்கிச் சுண்டி, நாக்கின் குட்டையான ஒலியை எடுத்தார்கள். அந்தப் பாட்டுக்குச் சிமுரெங்கா என்று பெயர், விடுதலைப் போருக்கும் அதே பெயர்தான். 1979இல் அன்றைய ரொடீசிய அரசு அவரைச் சிறையில் வைத்தது. அந்தப் பெயர் பழையது: ஆங்கிலேயருக்கு எதிரான 1896–97 எழுச்சிதான் முதல் சிமுரெங்கா. அதில் நெஹாண்டா என்ற மூதாதையின் ஆவி இறங்கிய சார்வே என்ற பெண்ணை ஆங்கிலேயர் 1898இல் தூக்கிலிட்டார்கள். முன்னோர்களை அழைக்கும் கருவியின் மெட்டு கிதாரில் வந்தபோது அது யாரை அழைக்கிறது என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. சர்ச்சுக்குப் போய்விட்ட வீடுகளிலும் அந்த மெட்டு ரேடியோ வழியாக உள்ளே வந்திருக்கிறது. ஆசிரியை தன் அப்பா ரேடியோவை நிறுத்தச் சொன்னதே இல்லை என்றார்.

இனி மச்சச்சாரா. முன்பு நத்தை ஓட்டு வில்லைகளைக் கோத்தார்கள், இப்போது சோடா மூடிகள். மூடியின் உள்ளே இருக்கும் லைனிங்கைச் சுரண்டி எடுத்து, சுத்தியால் தட்டையாக்கி, நடுவில் துளையிட்டு, தகரப் பட்டையில் கம்பியால் கோக்க வேண்டும். கோத்த மூடி தகரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இறுகினால் ஊமை. தளர்ந்தால் சுரம் முடிந்த பின்னும் சலசலக்கும். நம் ஊரில் தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் செருகி ஜீவாளி பிடிப்பவர்கள் செய்யும் வேலைதான் இது. நூல் ஒரு மயிரிழை நகர்ந்தால் தம்பூரா பேசும், இன்னொரு மயிரிழையில் அடங்கும். அந்த ரீங்காரத்தைச் சுத்தம் செய்து எடுத்துவிடலாம் என்று எந்தத் தம்பூராக்காரரும் நினைக்க மாட்டார். மூடிகளின் கம்பியைத் திருகி, தட்டி, திருகி, கடைசியில் மந்தர நாக்கைத் தட்டியபோது பலகை முழுவதும் நடுங்கியது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். சிறு வயதில் கிராமத்தில் கேட்ட ஒலி அதுதானாம்.

டேஸே என்ற பெரிய சுரைக்குடுவைக்குள் எம்பிராவை வைத்து, முட்சிகோ என்ற குச்சியால் முட்டுக்கொடுத்து வாசிப்பார்கள், ஒலி பெருகும். பழைய குடுவை கிடைக்கவில்லை. இப்போது பலர் ஃபைபர்கிளாஸ் டேஸே வாங்குகிறார்கள், உடையாது, பயணத்துக்கு நல்லது. நாங்கள் சுரைக்குடுவையே வாங்கினோம். வாய் விளிம்பில் ஓடியிருந்த சின்ன விரிசலின் இரு பக்கமும் துளையிட்டு மெல்லிய கம்பியால் தைத்தோம். விளிம்பைச் சுற்றியும் மூடிகள் கோத்தாயிற்று.

முதல் வாசிப்பு செக்குருவின் முற்றத்தில் நடந்தது. எம்பிரா இசையை ஒருவர் வாசித்தால் பாதிதான் கேட்கும். குஷவுரா என்று ஒருவர் தொடங்க, குட்சின்ஹிரா என்று மற்றவர் அதன் இடைவெளிகளுக்குள் நுழைவார். பன்னிரண்டு துடிப்பு கொண்ட நான்கு அடி, மொத்தம் 48, திரும்பத் திரும்பச் சுழலும். சிறுமி குஷவுரா வாசித்தாள், செக்குரு தன் கருவியில் பின்தொடர்ந்தார், அவர் பேரன் ஹோஷோ. இரண்டு கருவிகளின் சுருதி நூற்றுக்கு நூறு ஒன்றல்ல, அதனால் நடுவில் ஓர் அலை எழுந்து எழுந்து அடங்கியது. யாரும் வாசிக்காத மெட்டுகள் அந்த நடுவிலிருந்து கேட்கத் தொடங்கின. ஸ்டெல்லா சிவேஷே 1960களில் எம்பிரா கற்க விரும்பியபோது பெண்ணுக்குச் சொல்லித்தர ஆசிரியர்கள் மறுத்தார்கள், கடைசியில் பாட்டன் முறை உறவினர் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். 2023இல் அவர் மறைந்தபோது உலக மேடைகளில் எம்பிராவின் ராணி என்று பெயர் பெற்றிருந்தார். 2020இல் எம்பிரா செய்யும், வாசிக்கும் கலையை ஜிம்பாப்வே, மலாவி இரண்டின் பெயரிலும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த முற்றத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் வாசிப்பதை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. எனக்கு அது மிகுந்த சந்தோஷம்.

இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. புதிய மந்தர நாக்கு வாசிக்க வாசிக்க இழையளவு இறங்குகிறது, பாலத்தில் படியும் வரை அப்படித்தான் இருக்கும் என்கிறார் செக்குரு. வாரம் ஒருமுறை தட்டிச் சரிசெய்கிறோம். அடுத்தது இரண்டாவது எம்பிரா. தாத்தாவின் சுருதியிலேயே, நோட்டில் உள்ள நீளங்களை வைத்து, அவளோடு ஆசிரியை குட்சின்ஹிரா வாசிப்பதற்காக. முக்வா பலகை அறுத்து வைத்தாயிற்று. மழைக்காலம் முடிந்து மரம் காய்ந்ததும் துளை போடத் தொடங்குவோம்.